குலசேகரத்தில் ஒரு ஷீட் தகராறு, 1957 முதல் 1979 வரையிலான பட ஆய்வுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

என் தாய்மாமா கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் ரப்பர் கடை வைத்திருக்கிறார். பேச்சிப்பாறை, பொன்மனை, திற்பரப்பு பக்கத்துச் சிறு தோட்டக்காரர்கள் ரப்பர் பாலை உறையவைத்து வீட்டிலேயே ஷீட் அடித்து, புகை போட்டு, கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து இறக்குவார்கள். மாமா ஒவ்வொரு ஷீட்டாக உருவி, வாசலைப் பார்த்துத் திரும்பி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். இரண்டு நொடிதான். நாலாம் தரம், ஐந்தாம் தரம், அதற்கும் கீழே லாட் என்று மூன்று அடுக்கு விழும். தரம் ஒன்று இறங்கினால் கிலோவுக்கு விலை இறங்கும், அதனால் அந்த இரண்டு நொடியைத் தோட்டக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு ஐப்பசி மாதம், பேச்சிப்பாறை பக்கத்திலிருந்து வரும் ஒரு பெரியவர் (நான் பாட்டா என்றுதான் கூப்பிடுவேன்) கொண்டுவந்த கட்டில் பாதிக்கு மேல் கீழ்த்தரத்தில் விழுந்தது. அவருக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. "அதே மரம், அதே பால், அதே ஆசிட்டு, அடிச்சது இதே கைதான். போன மாசம் நாலு, இந்த மாசம் லாட்டா? ஒனக்கு கண்ணு கெட்டுப் போச்சு" என்றார். மாமா பொறுமையாக, "அண்ணே, கொப்புளம் கெடக்கு, பாருங்க" என்று ஷீட்டை நீட்டினார். பாட்டா பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டார். அன்றைக்குப் போனவர் அடுத்த வாரம் வரவில்லை.

நான் மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி சொல்லிக் கொடுக்கிறவன். மாமா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "மக்களே, ஒங்க மெஷினு இதப் பாத்துச் சொல்லுமா? நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க." இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் தேடிய கதை. முதலில் தோற்றோம், ஏன் தோற்றோம் என்று கண்டுபிடித்தோம், அப்புறம் ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய ஆய்வுகளைப் படித்து, அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் செய்தோம். விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே தவறை இந்த மாவட்டத்திலேயே முந்திரி, மீன், தேன் என்று வேறு சரக்குகளில் இன்னும் பலர் செய்யப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் முயற்சி

இறுதியாண்டு மாணவர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டேன். கைப்போனில் ஷீட்டுகளைப் படம் பிடித்து, எது எந்தத் தரம் என்று மாமா சொன்னதை எழுதி, இப்போது எல்லோரும் செய்வதுபோல எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் ஒரு கணினி நிரலை, அதாவது நரம்பு வலையமைப்பை, பயிற்றுவித்தோம். ஒதுக்கி வைத்திருந்த படங்களில் சோதித்தபோது கிட்டத்தட்ட எல்லாமே சரி. மாணவர்களுக்கு ஒரே சந்தோஷம், எனக்கும்தான். கடையில் கொண்டுபோய் வைத்த முதல் நாளே கவிழ்ந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு நாலு என்று சொல்லும் ஷீட்டை அது லாட் என்றது, கொப்புளம் நிறைந்த ஷீட்டை நாலு என்றது.

இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு ஒரு மாணவி எளிமையான ஒரு சோதனை செய்தாள். ஒரே ஷீட்டைக் காலை ஒன்பது மணிக்கும் மாலை ஆறரை மணிக்கும் படம் எடுத்துக் கொடுத்தாள். காலையில் நாலாம் தரம், மாலையில் லாட். அப்புறம் ஷீட்டே இல்லாமல் வெறும் சுவரைப் படம் எடுத்துக் கொடுத்தாள். அதற்கும் தரம் சொன்னது, துளித் தயக்கமும் இல்லாமல். விஷயம் இதுதான்: மாமா நல்ல ஷீட்டுகளைக் காலையில் வாசல் வெளிச்சத்தில் பிரித்துவிடுவார், சந்தேகமானவற்றை ஒதுக்கி மாலையில் டியூப் லைட்டுக்குக் கீழே மறுபடி பார்ப்பார். நாங்களும் அந்தந்த நேரத்தில்தான் படம் எடுத்தோம். இயந்திரம் கற்றுக்கொண்டது ரப்பரை அல்ல, டியூப் லைட்டை.

இதில் இயந்திரத்தின் தவறு எதுவும் இல்லை. படம் எப்படி உண்டாகிறது என்று யோசிக்காமல், படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டது எங்கள் தவறு. இந்தத் துறையை ஆரம்பித்தவர்களால் அப்படித் தாவ முடிந்திருக்காது, ஏனென்றால் அவர்களிடம் படமே இல்லை. படத்தை எண்ணாக மாற்றும் கருவியையே அவர்கள் செய்ய வேண்டியிருந்தது.

பழையதைத் திறந்தோம்

1957-இல் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய அலுவலகத்தில் ரசல் கிர்ஷும் அவருடைய கூட்டாளிகளும் சீயாக் என்ற கணினிக்கு ஒரு வருடிக் கருவி செய்தார்கள். சுழலும் உருளை ஒன்று, அதில் ஒட்டிய புகைப்படம், அதன் மேல் புள்ளி புள்ளியாக நகரும் ஒளி, திரும்பி வரும் ஒளியை அளக்க ஒரு ஒளிப்பெருக்கிக் குழாய். முதலில் வருடிய படம் கிர்ஷின் மூன்று மாதக் கைக்குழந்தை வால்டனுடையது. சுமார் 5 சென்டிமீட்டர் படம், 176-க்கு 176 புள்ளி, மொத்தம் 30,976. ஒவ்வொரு புள்ளிக்கும் கறுப்பா வெள்ளையா என்ற ஒரே ஒரு பதில்தான். இந்த அளவுக்கு மேல் ஒளி வந்தால் வெள்ளை, கீழே வந்தால் கறுப்பு, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அடுத்தது. ஒரே அளவில் கறுப்பு வெள்ளைக்குக் கோடு கிழித்தால் குழந்தையின் முகத்தில் பாதி காணாமல் போகிறது என்று பார்த்ததும், அவர்கள் அதே படத்தை வெவ்வேறு அளவுகளில் கோடு கிழித்துப் பல தடவை வருடி, அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சாம்பல் நிறங்களைக் கொண்டுவந்தார்கள். இதை வாசித்ததும் எனக்கு மாமாவின் கைதான் ஞாபகம் வந்தது. அவர் ஷீட்டை அசையாமல் பிடிப்பதே இல்லை. லேசாகச் சாய்ப்பார், வாசலுக்குக் கிட்டே கொண்டுபோவார், நிழலுக்குத் திருப்புவார். ஒரே சரக்கை நாலைந்து வெளிச்சத்தில் பார்த்துவிடுகிறார், அந்த இரண்டு நொடிக்குள். நாங்கள் ஒரு கிளிக்கில் முடித்துவிட்டோம்.

1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) லாரி ராபர்ட்ஸ் தன் முனைவர் பட்ட ஆய்வில் கட்டைகளின் புகைப்படத்திலிருந்து அவற்றின் முப்பரிமாண வடிவத்தை எடுத்தார். அடுத்தடுத்த நான்கு புள்ளிகளில் மூலைக்கு மூலை கழித்துப் பார்த்தால் வெளிச்சம் சட்டென்று மாறும் இடம், அதாவது விளிம்பு, தெரிந்துவிடும். இன்றைக்கும் பாடத்தில் அவர் பெயரிலேயே இருக்கிறது. கட்டைகளையும் பின்னணியையும் அவரே தேர்ந்தெடுத்தார் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. மூன்று வருடம் கழித்து, 1966 ஜூலை 7-ஆம் தேதி, அதே எம்.ஐ.டி.யில் சீமோர் பேப்பர்ட் ஒரு கோடைக்காலத் திட்டம் எழுதினார். விடுமுறைக்கு இருக்கும் மாணவர்களை வைத்து, ஆகஸ்ட் முடிவதற்குள், பார்வை அமைப்பு ஒன்றின் கணிசமான பகுதியைக் கட்டிவிடலாம் என்று. பந்து, செங்கல், உருளை, பிறகு கோப்பை, கருவிகள் என்று படிப்படியாகப் போவதாக ஏற்பாடு. அந்தக் கோடையில் அது முடியவில்லை, அதற்கடுத்த பல கோடைகளிலும் முடியவில்லை. இதைச் சொல்லிப் பலர் சிரிப்பார்கள். எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. சின்னக் குழந்தைகூடச் செய்யும் காரியம் எவ்வளவு கடினமானது என்று உலகத்துக்கு முதலில் தெரிந்ததே அப்படி உட்கார்ந்து முயன்றவர்களால்தான்.

வெளிச்சப் பெட்டி

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். எக்ஸ்ரே படம் மாட்டிப் பார்க்கும் பழைய வெளிச்சப் பெட்டி ஒன்று கிடைத்தது. ஷீட் அதைவிடப் பெரியது, அதனால் பாதிப் பாதியாகத்தான் வைத்துப் பார்க்க முடியும். மேலே ஒரு தட்டில் கைப்போனை ஆணியடித்தது மாதிரி நிறுத்தினோம். போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதையும், படத்தை அழகுபடுத்துவதையும் நிறுத்தி, கேமரா பார்த்ததை அப்படியே சேமிக்க வைத்தோம். சுற்றிக் கறுப்புத் துணி. இனி காலையும் மாலையும் ஒன்றுதான்.

முதல் படத்திலேயே அடுத்த தொல்லை. பெட்டிக்குள் இருக்கும் குழல்விளக்குகளுக்கு நேர் மேலே பளிச்சென்றும், ஓரத்தில் மங்கலாகவும் இருந்தது. கண்ணுக்கு அது தெரியவே இல்லை, எண்ணாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம். இதற்கு விடை நிலாவில் இருந்தது. 1964 ஜூலை 31 அன்று ரேஞ்சர் 7 என்ற விண்கலம் நிலாவில் மோதுவதற்கு முந்தைய நிமிடங்களில் ஆறு தொலைக்காட்சிக் கேமராக்களால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது. கேமராக் குழாயில் ஓரம் ஒரு மாதிரியும் நடு ஒரு மாதிரியும் வெளிச்சத்தை உணரும், நேர்கோடு லேசாக வளைந்தும் வரும். கலிபோர்னியாவின் பசடேனாவில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ராபர்ட் நேதனும் கூட்டாளிகளும் இந்தக் கோளாறுகளைக் கணினியால் திருத்தினார்கள். கேமரா எப்படித் தப்பாகப் பார்க்கிறது என்பதை அளந்து வைத்துக்கொண்டு, வந்த படத்திலிருந்து அந்தத் தப்பை எடுத்துவிடுவதுதான் வழி.

எங்களுக்கு அது ஒரு வரிக் கணக்கு. ஷீட் இல்லாத வெறும் பெட்டியை ஒரு படம் எடுக்க வேண்டும். பிறகு ஷீட் வைத்த படத்தைப் புள்ளிக்குப் புள்ளி அதனால் வகுக்க வேண்டும். பெட்டியின் ஏற்றத்தாழ்வும் கேமராவின் ஏற்றத்தாழ்வும் மேலேயும் கீழேயும் அடிபட்டுப் போய்விடும், மிஞ்சுவது ஷீட் எவ்வளவு ஒளியை விட்டது என்பது மட்டும். முழு வேலையிலும் அதிகப் பலன் கொடுத்த படி இதுதான்.

மாமாவுக்கு இதெல்லாம் புரிய வேண்டும் என்று எனக்கு ஆசை. 1965-இல் மரைனர் 4 என்ற விண்கலம் செவ்வாய்க் கிரகத்தைப் படம் எடுத்தபோது, ஒரு படம் 200-க்கு 200 புள்ளி, அது பூமிக்கு வந்து சேர ஏறக்குறைய 8 மணி நேரம். கணினி அதைப் படமாக்கித் தரும் வரை பொறுக்க முடியாமல் பொறியாளர்கள் எண்கள் அச்சான காகிதக் கீற்றுகளைச் சுவரில் வரிசையாக ஒட்டி, எண்ணுக்கு ஒரு நிறமாகக் கையால் வண்ணம் தீட்டினார்கள். அதையே செய்தோம். ஒரு ஷீட்டின் விரல்நுனி அளவு இடத்தை எண்களாக அச்சடித்து, மாமாவின் பேத்தியின் மெழுகுக் குச்சிகளை வாங்கிக் கடை மேசையில் உட்கார்ந்து மூன்று பேரும் தீட்டினோம். பாதி தீட்டுவதற்குள்ளேயே மாமா ஒரு இடத்தில் விரலை வைத்து, "இங்க ஒரு குமிழ் கெடக்கு" என்றார். கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துவிட்டு, "அப்போ வெளிச்சத்த எண்ணி வைக்குற வேலைதானா இது?" என்று கேட்டார். ஆமாம் மாமா, அதேதான்.

வரி, அரிப்பு, வளையம்

ஷீட்டில் ரோலர் போட்ட வரி இருக்கிறதே, அதுதான் அடுத்த எதிரி. காய்வதற்காகப் போடும் அந்தப் பள்ளமும் மேடும் படத்தில் இருளும் ஒளியுமாக மாறி மாறி வரும், அதற்குள் சின்னக் குமிழ் ஒளிந்துகொள்ளும். விண்வெளிப் படங்களிலும் இதே தொல்லை உண்டு. மின்சுற்றின் இரைச்சல் சீரான கோடுகளாகப் படம் முழுக்க விழும். படத்தை ஃபூரியர் முறைப்படி அலைகளாகப் பிரித்தால், சீராகத் திரும்பத் திரும்ப வரும் எதுவும் ஒன்றிரண்டு பளிச்சென்ற புள்ளிகளாகச் சுருங்கிவிடும். அந்தப் புள்ளிகளை அழித்துவிட்டுத் திருப்பிச் சேர்த்தால் கோடு போய்விடும். இதைக் கணினியில் வேகமாகச் செய்யும் வழியை 1965-இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட பிறகுதான் இது நடைமுறைக்கு வந்தது. ரப்பர் ஷீட்டில் வரி மறைந்த படத்தை முதல் தடவை பார்த்தபோது மாணவர்கள் கத்தியே விட்டார்கள். ஷீட்டின் ஓரத்தில் மட்டும் அலை அலையாக ஒரு மிச்சம் நின்றது, அதை வெட்டி ஒதுக்கினோம்.

இனிக் குறைகளைப் பிரிக்க வேண்டும். ஜூடித் பிரூவிட்டும் மார்ட்டிமர் மெண்டல்சனும் 1966-இல் இரத்த அணுக்களின் படங்களை ஆராய்ந்தபோது ஒரு அருமையான வழி சொன்னார்கள். எந்த வெளிச்சத்தில் எத்தனை புள்ளி என்று வரைபடம் போட்டால், அணுவுக்கு ஒரு குன்று, பின்னணிக்கு ஒரு குன்று என்று எழும்பும், இடையில் உள்ள பள்ளத்தில் கோடு கிழித்தால் போதும். 1979-இல் ஜப்பானின் நொபுயுகி ஓட்சு, பள்ளத்தைக் கண்ணால் தேடாமல் கணக்கே கோட்டைக் கண்டுபிடிக்கும்படி செய்தார், இரண்டு கூட்டமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கிறதோ அதை அதிகபட்சமாக்கும் இடத்தைத் தேடி. நாங்கள் ஓட்சு முறையை ஓட்டினோம். ஒன்றும் சரிவரவில்லை. காரணம் யோசித்தால் புரிகிறது. ஒரு ஷீட்டில் குமிழும், பாலோடு வந்துவிடும் மரப்பட்டைத்துணுக்கும் பிடிக்கும் இடம் மிகக் குறைவு, அவற்றுக்குத் தனிக் குன்றே எழும்பாது. கணக்கு என்ன செய்கிறது, ஷீட்டின் தடித்த பகுதியையும் மெலிந்த பகுதியையும் இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடுகிறது. கையால் தட்டிப் பரத்திய ஷீட் எங்கேயும் ஒரே கனத்தில் இருக்காது அல்லவா.

இதற்கு உதவியது பிரான்சில் பிறந்த ஒரு யோசனை. 1964 வாக்கில் ஜார்ஜ் மத்தரோனும் ஜான் செராவும் இரும்புத் தாதுக்கல்லின் துகள் அமைப்பை அளக்க ஒரு கணித முறையை உருவாக்கினார்கள். மரத்திலிருந்து வந்த பாலை அரிப்பில் (சல்லடையில்) ஊற்றித் தூசியும் பட்டையும் பிடிக்கிறோமே, அதே வேலையைப் படத்தின் மேல் செய்வதுதான் அது. குறிப்பிட்ட அளவுள்ள ஒரு வட்டத்தைப் படம் முழுக்க நகர்த்தி, அதைவிடச் சின்னதாக இருக்கும் இருண்ட புள்ளிகளை எல்லாம் நிரப்பிவிட வேண்டும். நிரப்பிய படத்திலிருந்து அசலைக் கழித்தால் சின்னக் குறைகள் மட்டும் அரிப்பில் நின்றதுபோல நிற்கும், தடிப்பு மெலிவு எல்லாம் கீழே வடிந்துவிடும். வட்டத்தின் அளவை மாற்றி மாற்றி ஓட்டினால் எந்த அளவில் எத்தனை என்றும் தெரியும். மாமாவுக்கு விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அரிப்பு என்று சொன்னதுமே போதும் என்றுவிட்டார்.

நின்ற புள்ளிகளை எண்ண வேண்டும். கண்ணுக்கு ஒரு துணுக்கு, கணினிக்கு அது நாற்பது ஐம்பது பிக்சல், அதாவது படப்புள்ளி. ஒட்டிக் கிடக்கும் பிக்சல்களுக்கெல்லாம் ஒரே பெயர் கொடுத்துக்கொண்டே வரிவரியாகப் போகும் முறையை 1966-இல் அஸ்ரியேல் ரோசன்ஃபெல்டும் ஜான் ஃபால்ட்சும் எழுதினார்கள். அப்படியே எடுத்துக்கொண்டோம். அதோடு இன்னொன்றும் பார்த்தோம். பட்டைத்துணுக்கு ஒளியை விடாது, அதனால் முழுக்க இருண்ட பொட்டாக விழும். குமிழில் உள்ளே காற்று, அதன் ஓரத்தில் ஒளி வளைந்து சிதறும், நடுவில் நேராக வந்துவிடும், அதனால் குமிழ் நடுவில் ஓட்டையுள்ள இருண்ட வளையமாக விழும். ஆக ஓட்டை உண்டா இல்லையா என்ற ஒரு கேள்வியே இரண்டையும் பிரித்துவிடுகிறது. மிகச் சிறிய குமிழ்களில் இது தவறும், ஓட்டையே ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும்.

ஓட்டையும் வளையமும் என்று பேசும்போது ஒரு தமிழ்ப் பெயரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களிலேயே கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதினார்கள். புள்ளி வைத்து, சுற்றி வளைத்துப் போகும் கோட்டை, விதிகளால் விரியும் ஒரு படமொழியாகப் பார்த்தார்கள். கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து எழுதிய கோலம் பற்றிய கட்டுரை 1974-இல் பட ஆய்வுக்கான உலக ஏடு ஒன்றில் வந்தது. 1978-இல் அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளம் காண்பது பற்றி கிஃப்ட் சிரோமணி குழுவினரின் கட்டுரையும் வந்தது. இந்தத் துறை எங்கேயோ தூரதேசத்தில் வளர்ந்தது, நாம் பின்னால் வந்து கற்றுக்கொள்கிறோம் என்று என் மாணவர்கள் நினைக்கிறார்கள். தாம்பரத்தில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

காகிதத்தை மடித்த மாமா

இவ்வளவும் செய்த பிறகு பாட்டாவின் அந்தக் கட்டுக்கு வந்தோம். மாமா அதை விற்காமல் ஓரமாக வைத்திருந்தார். ஒவ்வொரு ஷீட்டையும் இரண்டு பாதியாகப் படம் எடுத்து, இணைத்து, குறைகளைக் குறித்தோம். முதல் முடிவு: மாமா சொன்னது சரி. அவர் கீழே தள்ளிய ஷீட்டுகளில் குமிழும் கொப்புளமும் நிறையவே இருந்தன. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் பாட்டா சொன்னதும் என் காதில் நின்றது. அதே பால், அதே ஆசிட், அதே கை. அப்படியென்றால் எங்கே மாறியது? கிர்ஷ் ஒரே படத்தின் பல வருடல்களை அடுக்கினார். நாங்கள் பல ஷீட்டுகளை அடுக்கிப் பார்த்தோம். ஒவ்வொன்றையும் ஒரே செவ்வகமாக இழுத்து நேராக்கி, கொப்புளம் இருக்கும் இடத்தில் ஒரு பொட்டு, எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக. பட்டைத்துணுக்குகள் இங்கொன்று அங்கொன்றாக எங்கும் சிதறிக் கிடந்தன. கொப்புளங்கள் அப்படி இல்லை. ஷீட்டின் இரண்டு கடைசிகளிலும் பட்டையாகக் குவிந்திருந்தன. நடுப்பகுதி சுத்தம்.

எனக்கும் மாணவர்களுக்கும் அதற்கு அர்த்தம் தெரியவில்லை. ரோலரா, பால் உறையவைக்கும் டிஷ்ஷின் ஓரமா, ஆசிட் சரியாகக் கலக்காததா என்று என்னென்னவோ பேசினோம். அச்சடித்த காகிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் அதை நடுவில் மடித்து, தன் முழங்கைக்கு முன்னால் நீட்டிய கையில் துணி காயப்போடுவதுபோல் தொங்கவிட்டார். "கம்புல தொங்குது பாரு. ரெண்டு தலையும் கீழ. கீழதான தீ?" என்றார்.

நானும் மாமாவும் மறுநாளே பேச்சிப்பாறைக்குப் போனோம். பாட்டா முதலில் முகம் கொடுக்கவில்லை, பிறகு புகை போடும் கொட்டகையைத் திறந்துவிட்டார். சின்னக் கொட்டகை, கம்புகள் தாழ்வாக இருந்தன, தீ மூட்டும் குழி நேர் கீழே. ஐப்பசி மழையில் ஷீட் காயமாட்டேன் என்கிறது, விறகும் ஈரம், அதனால் முதல் நாளிலிருந்தே நிறைய விறகு அடுக்கித் தீயைக் கூட்டியிருக்கிறார். ஈரம் இறங்காத ஷீட்டில் சூடு ஏறினால் உள்ளே கொப்புளம் கட்டும். தீக்கு அருகே தொங்கும் இரண்டு தலைப்புகளுக்கும்தான் அந்தச் சூடு முழுசாகக் கிடைத்தது, கம்பின் மேல் கிடந்த நடுப்பகுதி தப்பித்துக்கொண்டது. பாலும் ஆசிடும் கையும் மாறவில்லை, பாட்டா சொன்னது முழுக்க உண்மை. மாறியது மழை.

மாமா அந்தக் காகிதத்தைக் கம்பின் மேலேயே போட்டுக் காட்டினார். பாட்டா நெடுநேரம் பார்த்தார். "இது எல்லா ஷீட்டும் சேந்ததா?" என்றார். ஆமாம் பாட்டா, உங்கள் கட்டு முழுக்க. கம்புகளை ஒரு படி உயர்த்தினார்கள், அடுப்புக்குழிக்கு மேலே ஒரு தகரத்தைப் போட்டுச் சூடு நேராக அடிக்காமல் தடுத்தார்கள், முதல் நாள் ஷீட்டை நிழலில் நன்றாக வடிய விட்டுப் பிறகே தீ. அடுத்த கட்டில் கொப்புளம் மிகவும் குறைந்தது, துணுக்கு மட்டும் பழையபடியே இருந்தது. அது அரிப்பை மாற்றினால்தான் போகும், மாற்றுகிறேன் என்றிருக்கிறார்.

எது முடியவில்லை

பூசணத்தை எங்கள் பெட்டி கண்டுபிடிக்காது. மாமா அதை மூக்கால் கண்டுபிடிக்கிறார். பிசுபிசுப்பு கைக்குத்தான் தெரியும். அளவுக்கு மீறிப் புகை ஏறியதா என்று சொல்ல நிறத்தைச் சரியாக அளக்க வேண்டும், கைப்போன் கேமராவை நம்பி அதில் நாங்கள் இறங்கவில்லை. காயாமல் வெளுத்து நிற்கும் இடம்தான் என்னை உறுத்துகிறது. அதற்கு விளிம்பே கிடையாது, மெல்ல மெல்ல மங்கி ஷீட்டோடு கரைந்துவிடும். ராபர்ட்ஸ் முறை, அரிப்பு முறை எல்லாமே சட்டென்று மாறும் இடத்தையோ சின்னப் பொட்டையோ தேடுகிறவை, இது அவற்றின் கையில் சிக்காது.

இதற்கு வேறு வெளிச்சம் வேண்டும் என்று நினைக்கிறேன். 1970-ஐ ஒட்டி விஞ்ஞானி பி.ஆர். பிஷாரடி தலைமையில் கேரளத்தில் ஹெலிகாப்டரிலிருந்து தென்னந்தோப்புகளை அகச்சிவப்புப் படச்சுருளில் படம் பிடித்தார்கள், வேர்வாடல் நோயைத் தேடி. இந்தியாவில் தொலையுணர்வு (உயரத்திலிருந்து படம் எடுத்து நிலத்தை ஆராய்வது) ஆரம்பித்ததே அந்தப் படங்களில்தான். கணினி எல்லாம் இல்லை, வெறும் படச்சுருள். ஆனால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் ஓலைகளை வேறாகக் காட்டும் வெளிச்சம் எது என்று தேடி எடுத்தார்கள். நம் தோப்புகளிலும் அதே நோய் இருக்கிறது, அதே தென்னை. ஈரமான ரப்பருக்கும் காய்ந்த ரப்பருக்கும் வித்தியாசம் காட்டும் ஒளி எது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம், அகச்சிவப்பில் தொடங்கியிருக்கிறோம்.

வெளிச்சப் பெட்டி இப்போது கடை வாசலிலேயே இருக்கிறது. கணினி எப்போதாவதுதான் ஓடுகிறது, தகராறு வந்தால் மட்டும். மற்ற நேரம் தோட்டக்காரர்கள் தாங்களே ஷீட்டை அதன் மேல் விரித்துப் பார்க்கிறார்கள், மாமாவும் அதே பெட்டியில் பார்க்கிறார், இரண்டு பேரும் ஒரே வெளிச்சத்தில் பார்ப்பதால் பேச்சு சுருக்கமாக முடிகிறது. பாட்டாவும் வருகிறார். காலையில் மாமா கடை திறந்து, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, ஒரு ஷீட்டும் வைப்பதற்கு முன்னால் வெறும் பெட்டியை ஒரு படம் எடுத்துவிடுகிறார். போன வாரம் ஒரு குழல்விளக்கு மங்கத் தொடங்கியதை அந்தப் படத்தில் அவர்தான் முதலில் பார்த்து எனக்குப் போன் செய்தார்.